உறைபனியில் கிளம்பும் வீடு

அமெரிக்காவில் சொந்த வீட்டை விற்றுவிட்டோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோ, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களை ‘ஃபுல்டைமர்’ என்கிறார்கள். அவர்களில் பலர் தனியாகப் போவதில்லை. நாயோ பூனையோ, சில வேளை இரண்டுமோ கூடவே கிளம்புகின்றன. புறப்பட உகந்த காலம் வசந்தம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் காலம் பார்த்துக் கிளம்பும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டு விற்பனை நவம்பரில் முடிகிறது. பணி ஓய்வு டிசம்பர் கடைசியில் வருகிறது. வாடகை ஒப்பந்தம் ஜனவரியில் தீர்கிறது. மிச்சிகனிலோ மினசோட்டாவிலோ வாசலில் பனி குவிந்து கிடக்கும்போது, என்ன நடக்கிறதென்றே புரியாத ஒரு பிராணியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டியதாகிறது.

இந்தப் புறப்பாட்டின் கணக்கைப் பிராணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். குளிரெடுத்தால் மனிதர் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார். புகை சூழ்ந்தால் கதவைத் திறந்து வெளியே போவார். கதவைத் திறக்கத் தெரியாத உயிர் ஒன்று உள்ளே இருக்கும்போது எந்தப் பாதை, ஒரு நாளைக்கு எத்தனை மைல், எந்த ஹீட்டர், எந்த ஊர் என்பதெல்லாம் அதன் தாங்குதிறனுக்கு ஏற்பவே முடிவாக வேண்டும். இதைப் பின்னால் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், வண்டியை வாங்கிய பிறகு வண்டியை மாற்றுகிறார்கள்.

குளிருக்குத் தப்பி வண்டியோடு தெற்கே இறங்கும் பழக்கம் நூறாண்டுப் பழமையுடையது. 1919-இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டிருந்த கார் பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வண்டியையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர்களுக்கென்று ‘எஸ்கேப்பீஸ்’ சங்கம் 1978-இல் உருவானது. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் இருந்து அது இன்றும் இயங்குகிறது. நாயோடு போன வண்டிப் பயணங்களில் பேர்போனது எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்குடையது. 1960 செப்டம்பரில், முதுகில் சிறு அறை பொருத்திய டிரக்கில், சார்லி என்ற வயதான பூடில் நாயோடு அவர் கிளம்பினார். 1962-இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் தேசத்தைப் பற்றிய சிந்தனைகளோடு சார்லியின் சிறுநீர் உபாதையும், வழியில் கிடைத்த கால்நடை மருத்துவர்களின் தராதரமும் சேர்ந்தே வருகின்றன. ஊர் ஊராகப் போகும் நாய்க்கு நல்ல மருத்துவர் அமைவது அன்றும் அதிர்ஷ்டம்தான். இன்றைய வண்டி வாழ்க்கையை உலகுக்குக் காட்டியது ஜெசிகா ப்ரூடரின் ‘நோமேட்லேண்ட்’. 2017-இல் புத்தகமாக வந்து, 2020-இல் க்ளோயி ஜாவ் இயக்கத்தில் படமாகி, சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. வீட்டுக் கடனும் வாடகையும் தாங்காமல் வண்டிக்கு வந்தவர்களின் கதை அது. ஆசைப்பட்டு வருகிறவர்களும் வேறு வழியில்லாமல் வருகிறவர்களும் ஒரே பாலைவனத்தில்தான் பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

எந்த வண்டி

வண்டியில் இரு குலம். எஞ்சினும் வீடும் ஒன்றாகவே இருப்பது மோட்டார்ஹோம். டிரக்கின் பின்னால் கொக்கி போட்டு இழுப்பது ட்ரெய்லர். ‘ஃபிஃப்த் வீல்’ எனப்படும் பெரிய ட்ரெய்லர், டிரக்கின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாட்டில் தயாராகும் வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில், எல்க்ஹார்ட் நகரைச் சுற்றிய தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது.

பிராணி இருக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு விலையைவிட முக்கியம். இழுபடும் ட்ரெய்லருக்குள் நாயையோ பூனையையோ விட்டுவிட்டு ஓட்டக்கூடாது. உள்ளே ஆட்டம் அதிகம், ஓட்டுநர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, குளிரில் வெப்பமும் இருக்காது. ஆகவே ட்ரெய்லர்காரர்களின் பிராணிகள் டிரக்கின் பின்சீட்டில்தான் வரவேண்டும். இரண்டு லாப்ரடாரும் ஒரு பூனைக் கூண்டும் வைத்திருப்பவர் டிரக் வாங்கும்போதே இருக்கையை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. மோட்டார்ஹோமில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வரலாம். ஆனால் அவிழ்த்துவிட்ட பூனை பிரேக் மிதியடிக்குக் கீழே போய்ப் பதுங்கும். எந்த வண்டியானாலும் ஓடும்போது கூண்டு அல்லது பெல்ட் கட்டாயம். மோட்டார்ஹோமுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: எஞ்சின் பழுதாகி வண்டி பட்டறைக்குப் போனால் வீடும் பட்டறைக்குப் போய்விடும். அந்த நாட்களில் பிராணிகளை அனுமதிக்கும் மோட்டலைத் தேட வேண்டியிருக்கும். அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்காத பட்ஜெட், பட்ஜெட் அல்ல.

நிறுத்திய இடத்தில் பக்கவாட்டில் நீண்டு அறையைப் பெரிதாக்கும் ‘ஸ்லைடு-அவுட்’ இன்று பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. பூனை வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்பட வேண்டிய பாகம் இதுதான். அறை வெளியே தள்ளப்பட்டதும் அதன் அடியிலும் பின்னாலும் ஒரு சந்து உண்டாகிறது. வெதுவெதுப்பாக, இருட்டாக இருக்கும் அந்த இடம் பூனைக்குச் சொர்க்கம். காலையில் புறப்படும் அவசரத்தில் பொத்தானை அழுத்தினால் பல நூறு கிலோ எடையுள்ள அறை அந்தச் சந்தை மூடிக்கொண்டு உள்ளே வரும். மோட்டார் ஓடும் சத்தத்துக்குப் பயந்து பூனை வெளியே ஓடுவதில்லை. இன்னும் உள்ளேதான் போகும். அதனால் அனுபவசாலிகள் முதலில் பூனையைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, கூண்டைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தான் பக்கம் போகிறார்கள். எத்தனை உயிர் என்று எண்ணிச் சொல்வதும், பொத்தானை அழுத்துவதும் ஒரே ஆளின் வேலையாக இருக்க வேண்டும். “நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்” என்ற வசனத்துக்கு இங்கே இடம் தரக்கூடாது.

வெப்பமும் ஈரமும்

வீட்டு வண்டியின் சுவர் மெல்லியது. ‘நான்கு பருவ வண்டி’ என்று விளம்பரம் செய்யப்படுபவற்றிலும் அடித்தட்டு மூடப்பட்டிருக்கும், தொட்டிகளுக்குச் சூடு வரும், கண்ணாடி இரட்டையாக இருக்கும், அவ்வளவுதான். மைனஸ் 20 டிகிரியில் மாதக்கணக்கில் குடியிருக்கச் செய்யப்பட்ட வீடு என்று அதற்குப் பொருளில்லை.

உள்ளே சூடேற்றும் முக்கியக் கருவி புரொப்பேன் ஃபர்னஸ். தமிழ்நாட்டு அடுப்படியில் இருக்கும் சமையல் வாயு, பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்பதால் குளிர் நாட்டு வண்டிகளுக்கு அதுவே எரிபொருள். வழக்கமான சிறிய சிலிண்டரில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வாயு பிடிக்கும். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைவிடச் சின்னது. 30,000 பி.டி.யு. வெப்பத்திறன் உள்ள ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால் அந்த 20 பவுண்டு சிலிண்டர் 14 மணி நேரத்தில் காலி. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்தால் ஒரு நாளும் சில மணி நேரமும் தாங்கும். வடக்கே உறைபனியில் நிற்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைவது இதனால்தான். அதுவும் பெரும்பாலும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தீர்ந்து தொலைக்கும்.

ஃபர்னஸ் வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். பேட்டரி இறங்கினால் சிலிண்டர் நிறைய வாயு இருந்தும் வண்டி குளிர்ந்துபோகும். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு இன்னொரு நிபந்தனை: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது, செய்தால் கெட்டுவிடும். எனவே பேட்டரியும் வெதுவெதுப்பான இடத்தில், வீட்டுக்காரர்களில் ஒருவராக வாழ வேண்டியதுதான்.

வீட்டு வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் ஆர்.வி. பார்க்கில் மின் இணைப்பு இருக்கும்போது, வாயுவை மிச்சம் பிடிக்கலாம் என்று மின்சார ஹீட்டரை மட்டும் போடுவது புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக விழும் குழி. அறை சூடாகிவிடுவதால் ஃபர்னஸ் தானாக அணைந்தே கிடக்கிறது. ஆனால் அடித்தட்டில் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் சூடு போவது அந்த ஃபர்னஸின் குழல் வழியாகத்தான். மேலே நாய் சுகமாகக் குறட்டை விடும்போது கீழே குழாய் உறைகிறது. உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடுகிறது. பிளாஸ்டிக் இணைப்புகளைப் பிளக்க அது போதும். பிளந்தது உறைந்திருக்கும்போது தெரியாது, வெயில் வந்து உருகும்போதுதான் தெரியும். ஆக, கடும் குளிர் இரவுகளில் ஃபர்னஸ் அவ்வப்போது எரிந்தே ஆகவேண்டும். வெளிக் குழாயிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்தொட்டியை நிரப்பி, பம்பில் தண்ணீர் எடுப்பது இன்னும் பத்திரம். கழிவுத் தொட்டியின் வால்வை மூடியே வைத்து, நிறைந்த பிறகு திறந்துவிடுவதும் அப்படித்தான். திறந்தே கிடந்தால் சிறுகச் சிறுக வடிவது குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மின்சார ஹீட்டருக்கு வேறொரு வரம்பும் இருக்கிறது. 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான் கிடைக்கும். 1,500 வாட் ஹீட்டர் இரண்டைப் போட்டுவிட்டு மைக்ரோவேவை அழுத்தினால் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். ஆள் இருக்கும்போது இது வெறும் எரிச்சல். ஆள் கடைக்குப் போயிருக்கும்போது நடந்தால், உள்ளே இருக்கும் கிழட்டுப் பூனைக்கு அதுவே ஆபத்து. சிம் கார்டு பொருத்திய வெப்பக் கண்காணிப்புக் கருவிகள் இதற்காகவே விற்கின்றன. உள்வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனாலோ மின்சாரம் போனாலோ செல்போனுக்குச் செய்தி வரும். செல்போன் கோபுரம் எட்டாத பாலைவனத்தில் இந்தக் கருவி வெறும் தெர்மாமீட்டர் என்பதை மறக்கக்கூடாது.

பிராணிகளும் ஃபர்னஸும் ஒன்றோடொன்று வைத்திருக்கும் உறவு தனிக்கதை. ஃபர்னஸ் அறைக்காற்றை உள்ளிழுக்கும் சல்லடை பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும். நாயின் மெத்தையை அதன் முன்னால் போட்டாலும், உதிரும் முடி அதை அடைத்தாலும், காற்று குறைந்து கருவி அதிகச் சூடாகித் தானாக நின்றுவிடும். வாரம் ஒருமுறை அந்தச் சல்லடையில் படியும் முடியை வழித்தெடுப்பது குளிர்கால வண்டியில் பாத்திரம் கழுவுவதைப் போன்ற நித்தியக் கடமை.

குளிரைவிடத் தொல்லை ஈரம். மனிதர் மூச்சு, நாயின் மூச்சு, சமையல் ஆவி, நனைந்து வரும் நாயின் ரோமம் எல்லாம் சின்ன அறையில் சேர்ந்து, குளிர்ந்த கண்ணாடியிலும் மெத்தையின் அடியிலும் தண்ணீராகப் படிந்து, பூஞ்சணம் பிடிக்க வைக்கின்றன. புகைபோக்கி இல்லாமல் உள்ளேயே எரியும் வாயு ஹீட்டர் இதை இன்னும் மோசமாக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அதனால்தான் உறைபனியிலும் கூரைச் சன்னலை விரற்கடை திறந்து வைக்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் சூடு போகட்டும், ஈரம் போனால் சரி என்பது அனுபவசாலிகளின் நிலைப்பாடு. காற்று வந்துபோக வேண்டியதற்கு இன்னொரு காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்க எச்சரிக்கைக் கருவி தவிர வேறு வழியில்லை. இரவில் பெய்த பனி ஃபர்னஸின் வெளிப்போக்கை அடைத்திருக்கிறதா என்று காலையில் பார்ப்பதும் கட்டாயம்.

விஷம்

தண்ணீர் உபயோகிக்காமல் வண்டியை உறைபனியில் ஓட்டிச் செல்பவர்கள் குழாய்களில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுவார்கள். ஆர்.வி.க்கென்று விற்கும் இந்தத் திரவம் பொதுவாகப் புரொப்பிலீன் கிளைக்காலில் செய்யப்படுவது, நச்சு குறைவு. எஞ்சின் ரேடியேட்டரில் ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாய்கள் விரும்பி நக்கும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு டீஸ்பூன் போதும். சிறுநீரகம் செயலிழக்குமுன் நச்சுமுறிவு மருந்து ஏறவேண்டும். பூனைக்கு மூன்று மணி நேரம், நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கெடு. 2012-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கசப்புப் பொருளைச் சேர்க்க முன்வந்தார்கள். ஆனாலும் டிரக்குகள் வரிசையாக நிற்கும் ஓய்விடத்தில் தரையில் தேங்கிய எதையும் பிராணி நக்காமல் பார்த்துக்கொள்வதே நல்லது. சாலையில் பனி உருக்கத் தூவும் உப்பும் பாதத்தை அரிக்கும். நாய் தன் பாதத்தை நக்கும்போது அந்த உப்பு வயிற்றுக்கும் போகும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைத் துடைத்துவிட வேண்டும். ரப்பர் காலுறை போடப் பழக்கிய நாய்கள் உண்டு. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அவை நடக்கும் நடையைப் பார்த்து உரிமையாளர்கள் சிரிப்பதும் உண்டு.

கிளி வளர்ப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. ஒட்டாத பூச்சுள்ள தவா அடுப்பில் காய்ந்துபோனால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். பெரிய வீட்டில் அடுப்படி ஒரு மூலை, கூண்டு ஒரு மூலை. வண்டியில் இரண்டுக்கும் இடையே கைநீட்டும் தூரம்தான். கிளியோடு கிளம்புகிறவர்கள் அத்தகைய தவாக்களையும், அதே பூச்சுள்ள ஹீட்டர்களையும் விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும்.

எந்த வழி

ஜனவரியில் வடக்கிலிருந்து கிளம்புகிறவர் கூடிய சீக்கிரம் உறைநிலைக் கோட்டைத் தாண்டித் தெற்கே போவதே முதல் வேலை. கிழக்குக் கரையில் 95, நடுமேற்கிலிருந்து 75 ஆகிய நெடுஞ்சாலைகள் ஃப்ளோரிடாவுக்கு இறங்குகின்றன. அரிசோனாவுக்குப் போகிறவர்கள் வரைபடத்தில் நேராகத் தெரியும் கோட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குளிரைக் கூட்டுகிறது. 40-ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃப், அரிசோனா என்றாலும் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் அளவுக்குப் பனி விழும் ஊர். வயோமிங்கில் 80-ஆம் நெடுஞ்சாலையைக் குளிர்காலக் காற்று அடிக்கடி மூட வைக்கிறது. உயரமான, எடை குறைந்த ட்ரெய்லர்களுக்கு முதலில் தடை விழும். சுற்றுவழியானாலும் டெக்சாஸுக்கு இறங்கி, 10-ஆம் நெடுஞ்சாலை வழியாக மேற்கே திரும்புவதே நாயோடும் பூனையோடும் போகிறவர்களுக்கு ஏற்றது. டீசல் வண்டிக்காரர்கள் வெதுவெதுப்பான ஊரில் நிரப்பிய டீசலோடு குளிருக்குள் திரும்பி ஏறக்கூடாது. அது மெழுகாகக் கட்டி வடிகட்டியை அடைக்கும்.

வேகத்துக்கு ஆர்.வி. உலகில் ஒரு வாய்ப்பாடு உலவுகிறது: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் கூடாது, மாலை மூன்று மணிக்குள் நிறுத்திவிட வேண்டும், ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்க வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும் வடக்கில் அந்த 300 கூட அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை இறக்கி நடத்த வேண்டும், வண்டியின் இரும்புப் படியில் பனி உறைந்து வழுக்கும், மூட்டுவலி உள்ள நாயைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். இருநூறோடு நிறுத்திக்கொள்பவர் புத்திசாலி. பூனைகளுக்குப் பிரச்சினை தூரமல்ல, திடீர் மாற்றம். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே வண்டியை வாசலில் நிறுத்தி, அங்கேயே சாப்பாடு வைத்து, மணல் தட்டையும் அங்கேயே மாற்றி, எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்துப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது. எவ்வளவு பழக்கினாலும் முதல் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே வரும் பூனைகள் உண்டு. மூன்றாம் நாள் அவையே டாஷ்போர்டில் வெயில் காயும்.

தெற்கே போய்விட்டால் குளிர் தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய பனிப்புயலில் 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். குளிருக்குத் தப்பி வருகிறவர்களை ‘வின்டர் டெக்சன்ஸ்’ என்று செல்லமாக அழைக்கும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கும் அப்போது உறைந்தது. பார்க்கின் மின்சாரத்தை மட்டும் நம்பி நின்றவர்கள் தவித்தார்கள். சிலிண்டரில் வாயுவும் பேட்டரியில் சார்ஜும் வைத்திருந்த வண்டிகள், சுற்றியிருந்த பல வீடுகளைவிட வெதுவெதுப்பாக இருந்திருக்கும்.

எங்கே நிறுத்துவது

தனியார் பார்க்குகளில் இரண்டு பிராணிக்கு மேல் கூடாது என்ற விதி சகஜம். பிட்புல், ராட்வைலர் போன்ற இனங்களைக் காப்பீட்டுக் காரணம் காட்டிப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. முன்பதிவின்போதே இனத்தைச் சொல்லிவிடுவது, இருட்டிய பிறகு வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைவிட மேல். தேசியப் பூங்காக்கள் நாய்க்காரர்களுக்கு ஏமாற்றம் தருபவை. முகாமிடத்திலும் சாலையோரத்திலும் ஆறடிக் கயிற்றில் நாய் வரலாம். நடைபாதைகளில் பெரும்பாலும் கூடாது. டெக்சாஸின் பிக் பெண்ட் அப்படித்தான். நியூ மெக்சிகோவின் வெண்மணல் பூங்காவும் அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்டும் விதிவிலக்கு. அங்கே பாதைகளிலும் நாய் நடக்கலாம். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் விளிம்புப் பாதையோடு சரி, கீழே இறங்க அனுமதியில்லை.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அரிசோனாவின் குவார்ட்ஸைட். கோடையில் சில ஆயிரம் பேர் வசிக்கும் இந்தப் பாலைவன ஊரைச் சுற்றி ஜனவரியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள்தான். பகலில் 20 டிகிரியை ஒட்டிய இதமான வெயில். இரவில் நாலைந்து டிகிரி. அருகேயுள்ள லா போசா நிலத்தை 1983 முதல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நீண்டகாலத் தங்கலுக்கு ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க, பல ஆண்டுகளாக 180 டாலராகவே இருந்தது கட்டணம். மின்சாரம் கிடையாது, தண்ணீரும் கழிவிறக்கமும் ஒரே பொது இடத்தில். வளர்ப்பு விலங்குகளுக்கு முன்பே வேறொரு விலங்கால் பேர்பெற்ற ஊர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்தபோது அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலி 1902-இல் இங்கே இறந்தார். உச்சியில் ஒட்டகச் சிலை நிற்கும் அவருடைய கல்லறைப் பிரமிடுதான் ஊரின் அடையாளம்.

பாலைவனத்தில் குளிர் குறைந்தாலும் வேறு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ‘ச்சோயா’ (cholla) எனப்படும் கள்ளிச் செடியின் துண்டுகள் தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். நாய் வாயால் பிடுங்கப் பார்க்கும், நாக்கிலும் குத்திக்கொள்ளும். கையால் எடுக்கப்போனால் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். மிச்ச முட்களைக் குறட்டால் பிடுங்கலாம். பாலைவனத்து நாய்க்காரர்கள் சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் நடைக்குப் போவதில்லை. ஓநாயின் உறவினமான கொயோட்டிகளுக்கு ஜனவரி, பிப்ரவரி இணைசேரும் காலம். தைரியமாக முகாமை ஒட்டி வரும். சின்ன நாயையும் பூனையையும் இருட்டில் தனியே விட்டால் கொயோட்டியோ பெரிய ஆந்தையோ தூக்கிப்போகும். விரியன்கள் குளிரில் வளைக்குள் முடங்கியிருக்கும்; வெயில் ஏறிய நாட்களில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. வளைகுடாக் கரைக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போகிறவர்களுக்குக் கொசுதான் எதிரி. இதயப்புழு நோயை அது பரப்பும். வடக்கே குளிர்காலத்தில் மாத்திரையை நிறுத்தும் பழக்கம் இருந்தால், கிளம்புமுன் பரிசோதனை செய்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

காகிதங்கள்

வீடில்லாதவருக்கும் முகவரி வேண்டும். வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃப்ளோரிடா, தென் டகோட்டா ஆகிய மாநிலங்களில் தபால் பெற்று அனுப்பும் நிறுவனத்தின் முகவரியை வைத்து உரிமமும் வண்டிப் பதிவும் எடுப்பது வழக்கம். நாயின் உடம்பில் பதிக்கும் மைக்ரோசிப்பில் பழைய வீட்டு முகவரி கிடந்தால் பயனில்லை. செல்போன் எண்ணையும் வேறோர் உறவினரின் எண்ணையும் பதிந்துவிட வேண்டும். ரேபிஸ் ஊசிச் சான்றிதழின் அசல் வண்டியிலும் நகல் போனிலும் இருக்கட்டும். பார்க்கிலும் கேட்பார்கள், நாய் யாரையாவது பிறாண்டிவிட்டால் காவலரும் கேட்பார். மருத்துவக் குறிப்புகள் ஊருக்கு ஊர் சிதறாமல் இருக்க, நாடெங்கும் கிளைகள் உள்ள மருத்துவமனைச் சங்கிலி ஒன்றைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தக் கிளையிலும் பழைய பதிவு திறக்கும். வண்டிக் காப்பீட்டில் ‘முழுநேரக் குடியிருப்பு’ என்ற வகை தனி. விடுமுறை உபயோகத்துக்கான பாலிசியோடு குடியிருந்தால், விபத்து நேரும்போது சிக்கல் வரும்.

குளிருக்குத் தப்பித் தெற்கே இறங்கும் ‘குளிர்ப் பறவைகளில்’ கனடாக்காரர்களும் பலர். அவர்களின் நாய்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி: அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாயும் ஆறு மாதம் நிரம்பியதாக, மைக்ரோசிப் உடையதாக, முன்கூட்டியே இணையத்தில் நிரப்பிய படிவத்தோடு இருக்க வேண்டும். திரும்பிப் போகும்போது கனடா எல்லையில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் சான்றிதழைக் கேட்பார்கள்.

ஏப்ரலில் வடக்கே திரும்புகிறவர்கள் கூடவே கொண்டுவரக்கூடிய ஒரு நோய் உண்டு. அரிசோனா மண்ணில் வாழும் காக்சிடியாய்ட்ஸ் பூஞ்சையின் விதைத்தூள் புழுதியோடு நாயின் நுரையீரலுக்குள் போகும்; மண்ணைத் தோண்டி மூக்கை நுழைக்கும் நாய்களுக்கு வாய்ப்பு அதிகம். ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ என்று அங்கே பெயர். இருமல், காய்ச்சல், சாப்பிட மறுப்பது, காரணமில்லாமல் நொண்டுவது போன்ற அறிகுறிகள் சில வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் வண்டி மிச்சிகனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஊர் மருத்துவருக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராது, சாதாரண இருமல் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துக் குணமாக்கலாம். அதற்கு, குளிர்காலத்தை அரிசோனாவில் கழித்த நாய் இது என்று உரிமையாளர்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.